அந்தக் குழந்தையைப் பலியிட்டது யார்?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சென்ற மாதம் ஒரு குழந்தை மறுபடியும் கொல்லப்பட்டது. கொலை நடந்த இடம் இங்கிலாந்தின் வில்ட்ஷயர். காலம், நண்பரின் கணக்கில், நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன். அவர் எழுதி வந்து வாசித்த கட்டுரையில், மரத்தூண்களாலான வட்டக் கோயிலொன்றின் நடுவே, கோடைச் சூரியன் எழும் வேளையில், பூசாரி ஒருவன் கற்கோடரியை ஓங்கினான். மூன்று வயதுக் குழந்தையின் மண்டை இரண்டாகப் பிளந்தது. கட்டுரை மிக நன்றாக எழுதப்பட்டிருந்தது. எங்கள் வருத்தமே அதுதான். வாசித்து முடித்ததும் கூடத்தில் மௌனம் நிலவியது. ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு தேநீர் வந்தது.

எங்களில் மூவருக்கு அந்தத் தேநீர் இறங்கவில்லை. கூட்டத்திலேயே மறுத்துப் பேசியிருக்க வேண்டும், பேசத் துணியவில்லை. நன்றாக எழுதப்பட்ட ஒன்றின் முன்னால் 'ஆதாரம் என்ன?' என்று கேட்பவன் நம் இலக்கியக் கூட்டங்களில் ரசனையற்றவன் ஆகிவிடுகிறான். அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டே இதை எழுதுகிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்கு வடகிழக்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், டரிங்டன் என்ற ஊரையொட்டி, பெரியதொரு வட்ட மேடு இருந்தது. இருந்தது என்று சொல்வதுகூட மிகை. உழுது உழுது ஏர்முனை அதைத் தரையோடு தரையாக்கிவிட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்ட்ஷயரின் தொல்சின்னங்களைப் பதிவு செய்த ரிச்சர்ட் கோல்ட் ஹோர் இதையும் குறித்திருந்தார். சுற்றிலும் அகழியும் கரையும் கொண்ட, தட்டு வடிவிலான பெரிய ஈமமேடு என்பதே நூறாண்டுகளுக்கும் மேலாக எல்லோருடைய எண்ணமும். சாலிஸ்பரி சமவெளியில் ஈமமேடுகளுக்குப் பஞ்சமில்லை. ஹோரும் அவருக்காக நிலத்தைத் திறந்த வில்லியம் கன்னிங்டனும் நூற்றுக்கணக்கானவற்றைத் தோண்டினார்கள். 1808-இல் புஷ் பேரோ என்ற மேட்டில் பொன் தகடுகள் கிடைத்தன; அவை இன்று அருங்காட்சியகத்தில் மின்னுகின்றன. அந்தப் பொன்னை அணிந்திருந்த மனிதனின் எலும்புகளோ மண்ணுக்கே திரும்பின. அக்காலத்தின் முன்னுரிமை அப்படி. அதனுடன் ஒப்பிட, டரிங்டன் மேடு பொன் தராத மேடாகவே தோன்றியிருக்க வேண்டும். யாரும் அதைச் சீண்டவில்லை.

1925 டிசம்பரில் கில்பர்ட் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி அதன் மேல் பறந்தார். முதல் உலகப்போரில் விக்டோரியா சிலுவை பெற்றவர். ஜெர்மானியப் போர்க்கைதி முகாமிலிருந்து தப்பி வந்தவர். ஏறத்தாழ இரண்டாயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தபோது, உழுத நிலத்தில் ஒரு வட்டமும் அதற்குள் சில வெண்புள்ளிகளும் தெரிந்தன. அவர் விட்டுவிடவில்லை. மறு ஆண்டு ஜூலையில், கோதுமை வளர்ந்து நின்ற நேரத்தில் மீண்டும் பறந்து படம் எடுத்தார். இம்முறை ஐயத்துக்கு இடமில்லை. பயிருக்குள் கரும்புள்ளிகள், ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள்.

இதில் மாயமொன்றும் இல்லை. தூர்ந்துபோன பழைய கிணற்றின் மேல் நெல் மட்டும் தனியாகச் செழித்து நிற்பதை நம் ஊர் விவசாயி அறிவார். ஒரு காலத்தில் தோண்டி, பிறகு மண் நிரம்பிய இடத்தில் ஈரம் தங்கும்; வேர் ஆழமாக இறங்கும்; பயிர் உயரமாகவும் கரும்பச்சையாகவும் வளர்ந்து, மற்றவை பழுத்த பின்னும் பசுமை மாறாது நிற்கும். கீழே கட்டுச்சுவர் இருந்தால் நேர்மாறாக வாடும். வில்ட்ஷயரில் மெல்லிய மேல்மண்ணுக்கு அடியிலேயே வெண்சுண்ணப் பாறை. அதில் வெட்டிய குழி எத்தனை ஆயிரம் ஆண்டுகளானாலும் ஆறாத காயம் போலத் தங்கிவிடுகிறது. வரப்பில் நிற்பவனுக்கு இது தெரியாது. கம்பளத்தின் மேல் நடக்கும் பூனைக்கு அதன் கோலம் தெரியாததைப் போல என்று விளக்கினார் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்ட். முதல் உலகப்போரில் விமானத்திலிருந்து எதிரியின் பதுங்குகுழிகளை நோட்டமிட்டவர்; பிறகு அதே கண்ணைக் கொண்டு புதைந்த காலத்தை நோட்டமிட்டவர். பிறந்தது பம்பாயில் என்பது ஒரு உபரித் தகவல். அவர் 1927-இல் தொடங்கிய 'ஆன்டிக்விட்டி' இதழின் முதல் தொகுதியிலேயே இன்சாலின் படங்கள் இடம்பெற்றன.

1926 ஆகஸ்டிலேயே மண்வெட்டிகள் வந்துவிட்டன. தோண்டியவர்கள் மாட் கன்னிங்டனும் அவர் கணவர் பெஞ்சமினும். பெஞ்சமின், புஷ் பேரோவைத் திறந்த அதே வில்லியம் கன்னிங்டனின் வம்சத்தில் வந்தவர். 1928 வரை அகழாய்வு நடந்தது. ஒவ்வொரு கரும்புள்ளிக்கும் கீழே ஒரு குழி. மொத்தம் 168 குழிகள், நீள்வட்டமாக ஆறு வளையங்கள்; ஆழமானவை இரண்டு மீட்டர் வரை இறங்கின. பெரும்பாலானவற்றில் மரத்தூண்கள் நின்றிருந்தன. மிகப் பெரியவை தரைக்கு மேல் ஏழு மீட்டருக்கும் அதிக உயரம் இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அவற்றைச் சுற்றி அகழி, அதற்கு வெளியே கரை. நீள்வட்டத்தின் அச்சு கோடைச் சூரியன் உதிக்கும் திசையை நோக்கியிருந்தது. ஸ்டோன்ஹெஞ்சை ஒட்டி இதற்கு வுட்ஹெஞ்ச் என்று பெயர் வந்தது.

நடுவில் ஒரு சிறு குழி. அதில் கால்களை மடக்கிப் படுத்த நிலையில் சுமார் மூன்று வயதுக் குழந்தையின் எலும்புக்கூடு. மண்டையோடு பிளந்திருந்தது.

மாட் கன்னிங்டன் இதை ஓர் அர்ப்பணப் பலி என்று கருதினார். 1929-இல் வெளியிட்ட நூலில் அப்படியே எழுதினார். எலும்புகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அவை அழிந்தன.

நண்பரின் கட்டுரையும், அவருக்கு முன் இதைச் சொன்ன பலருடைய எழுத்தும் நிற்பது இவ்வளவின் மேல்தான்: ஓர் அகழாய்வாளர் கண்ட பிளவு, அதற்கு அவர் சொன்ன காரணம், இனி யாரும் சோதிக்க முடியாதபடி சாம்பலாகிவிட்ட எலும்பு. பூசாரியும் கோடரியும் நண்பர் கொண்டு வந்தவை. கோடரி என்றதும் நினைவுக்கு வருகிறது: வுட்ஹெஞ்சில் கோடரி வடிவப் பொருள்கள் இரண்டு கிடைக்கத்தான் செய்தன. இரண்டும் சுண்ணக்கட்டியில் செதுக்கியவை. மண்டையை அல்ல, வெண்ணெயைப் பிளப்பதற்குக்கூட அவை உதவா.

மூன்று வயதுக் குழந்தையின் மண்டையோடு ஒரே ஓடு அல்ல. துண்டு துண்டான எலும்புகள் தையல் போட்டது போன்ற கோடுகளில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன; அந்தப் பொருத்துகள் இறுகி ஒன்றாவது வளர்ந்த பிறகுதான். சதை போன பின் மேலே மண்ணின் பாரம் அழுத்தினால் அவை பொருத்துவாயிலேயே விலகிப் பிரியும். பார்ப்பவருக்குப் பிளந்தது போலத்தான் தோன்றும். பிற்கால ஆய்வாளர்கள் இந்தச் சாத்தியத்தைச் சுட்டிக்காட்டிப் பலிக் கதையை ஐயத்துடனேயே பார்க்கிறார்கள். உயிருள்ளபோதோ இறந்த உடனோ விழுந்த அடியையும், உலர்ந்த எலும்பு மண்ணுக்குள் நொறுங்கியதையும், உடைந்த விளிம்பைப் பார்த்து இன்று பெரும்பாலும் வேறுபடுத்திவிட முடியும். அதற்கு எலும்பு வேண்டும். எலும்பு இல்லை. குழந்தை எந்த நூற்றாண்டில் புதைக்கப்பட்டது, தூண்கள் நட்டபோதா, அவை மக்கிச் சாய்ந்து நெடுங்காலம் கழிந்த பிறகா என்பதையும் இனி அந்த எலும்பிலிருந்து அறிய வழியில்லை.

பலர் கவனிக்கத் தவறுவதாக நாங்கள் கருதும் இடத்துக்கு இப்போது வருகிறோம். வான்வழிப் படம் எடுக்கப்படுவதற்கு முன் அந்த மேடு ஓர் ஈமமேடு. ஈமமேட்டின் நடுவில் பிணம் இருப்பதைவிட இயல்பானது உண்டா? சமவெளியின் மற்ற மேடுகளில் கிடைத்தது போல இங்கும் நடுவில் ஒரு குழந்தை கிடைத்திருந்தால், 'இறந்த குழந்தைக்குப் பெரிய மேடு எழுப்பியிருக்கிறார்கள், எவ்வளவு அருமையான பிள்ளையோ!' என்றுதான் எழுதியிருப்போம். படம் வந்தது. புள்ளிகள் வளையமாகத் தெரிந்தன. மேடு ஒரே நாளில் கோயிலாயிற்று. கோயிலின் நடுவில் கிடக்கும் பிணத்துக்கு ஏதேனும் காரணம் வேண்டும்; இயற்கையான சாவு அங்கே பொருந்தாது. குழி அதேதான், எலும்பும் அதேதான். மேலே மாட்டிய பெயர்ப்பலகை மாறியதும், பெற்றவர்கள் அழுது புதைத்த பிள்ளையாக இருந்திருக்கக் கூடியது, பலிப்பிள்ளை ஆகிவிட்டது.

'படம் பொய் சொல்லாது' என்று நண்பர் ஓரிடத்தில் எழுதியிருந்தார். உண்மைதான். படம் எதையும் சொல்வதில்லை. இன்சாலின் படம் சொன்னது, இங்கே இத்தனை இடங்களில் மண் கிளறப்பட்டிருக்கிறது என்பது மட்டும். தூணா, கல்லா, பிணமா, குப்பையா, என்றைக்கு என்ற எதையும் அது சொல்லவில்லை. சுண்ணநிலத்தில் சரியான மாதத்தில் சரியான பயிருக்கு மேல் பறந்தால் தெரியும். களிமண் நிலத்தில் அதே குழிகள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. வறண்ட ஆண்டுகளே இந்தக் கலைக்கு அறுவடைக் காலம். 2018-இன் கோடை வறட்சியில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் அருகே இரண்டு ஆர்வலர்கள் டிரோனைப் பறக்கவிட்டு, அதுவரை எவர் கண்ணிலும் படாத பெரியதொரு வட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். மழை பெய்திருந்தால் அது இன்னும் ஒரு சாதாரண வயல்தான்.

தோண்டிய பிறகும் விடை ஒன்றாக வரவில்லை. தூண்கள் திறந்த வெளியில் நின்றதாகக் கருதினார் கன்னிங்டன். பிறகு வந்த ஸ்டூவர்ட் பிகட் அதே குழிகளின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அது கூரை வேய்ந்த பெருங்கட்டடமாக இருந்திருக்கும் என்றார். 2006-இல் மறுபடி தோண்டியபோது, மரத்தோடு கற்களும் நின்றிருந்தது தெளிவாயிற்று. குறைந்தது ஐந்து கற்கள். நூறு ஆண்டுகளாகக் கூரை உண்டா இல்லையா என்பதிலேயே ஒருமை எட்டாத இடத்தில், யார் யாரை எதற்காக எந்த வேளையில் கொன்றார்கள் என்று நண்பருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

கன்னிங்டனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தோண்டி முடித்த மறு ஆண்டே முழு அறிக்கையை அச்சிட்டவர் அவர். பக்கத்திலுள்ள ஸ்டோன்ஹெஞ்சில் 1950-களில் நடந்த அகழாய்வுகளின் முழுமையான அறிக்கை 1995-இல்தான் வந்தது. ஆதிச்சநல்லூரின் 2004-05 அகழாய்வு அறிக்கைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த நமக்கு அந்த வேகத்தின் அருமை தெரியும். எந்தக் குழியில் எந்த ஓடு, எந்த எலும்பு என்று அவர் எழுதி வைத்திருந்ததால்தான், 1995-இல் ஜோஷுவா பொலார்ட் அந்தப் பட்டியலை மீண்டும் ஆராய்ந்து, பொருள்கள் வளையங்களுக்கிடையே கண்டபடி சிதறவில்லை, ஏதோ ஒழுங்கில் இடப்பட்டிருக்கின்றன என்று காட்ட முடிந்தது. அகழிக்குள் பதின்பருவத்தினர் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்ததையும் கன்னிங்டன் பதிவு செய்திருக்கிறார். அவரைப் பற்றி யாரும் கதை எழுதக் காணோம். மண்டை பிளக்கவில்லை, அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

கண்டதை ஒரு வரியிலும், அதைப் பற்றித் தாம் நினைத்ததை வேறு வரியிலும் எழுதியவர் கன்னிங்டன். முதல் வரி அவருடைய சாட்சியம், அதை நம்புகிறோம். இரண்டாம் வரி அவருடைய கருத்து. அதை மறுக்க நமக்கு உரிமை உண்டு, அவரும் மறுத்திருக்க மாட்டார். நம் எழுத்தாளர்கள் செய்வது என்ன? முதல் வரியை அடித்துவிட்டு இரண்டாம் வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு விடியலும் பூசாரியும் உடுக்கையும் சேர்க்கிறார்கள். (ஆம், நண்பரின் வில்ட்ஷயரில் உடுக்கை ஒலித்தது.)

இங்கிலாந்தில் எப்போதோ செத்த குழந்தையைப் பற்றி உங்களுக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இதே மண்வெட்டியும் இதே முடிவும் நம் பக்கத்து நிலத்துக்கும் வந்திருக்கின்றன, வுட்ஹெஞ்சுக்கு வெகுகாலம் முன்பே. 1850-களில் நிஜாம் ராஜ்யத்தில் சுரபுரம் பகுதியில் அதிகாரியாயிருந்த மெடோஸ் டெய்லர், ஜேவர்கி முதலிய இடங்களில் பெருங்கற்கால ஈமக்குவைகளைத் திறந்தார். உடலிலிருந்து பிரிந்து கிடந்த மண்டையோடுகளைக் கண்டார். தலை வெட்டப்பட்டிருக்கிறது, இது நரபலி என்று முடிவு கட்டினார். 1862-இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே, தக்காணத்தின் அச்சின்னங்கள் கெல்டியரோ துருயிதரோ சிதியரோ எழுப்பியவை என்று குறிக்கப்பட்டன. இங்கிருந்தவர்கள் எழுப்பியிருக்கலாம் என்பது அந்தத் தலைப்பில் இடம்பெறவில்லை. எங்கள் வாசகர்கள் டெய்லரை வேறொரு வழியில் அறிவார்கள். 1839-இல் வெளிவந்து லண்டனையே நடுங்க வைத்த, தக் கொள்ளையர்களைப் பற்றிய அந்த நாவலை எழுதியவர் அவரே. நாவலாசிரியர் மண்வெட்டியைப் பிடித்தாலும் நாவலாசிரியரே!

கவனமாகத் தோண்டியவர் டெய்லர். குழிகளின் குறுக்குவெட்டை வரைந்து வைத்தவர். அன்றைய பலரைவிட எவ்வளவோ மேல். பிசகு கண்ணில் நேரவில்லை, அதற்குப் பின்னால் இருந்த கதையில் நேர்ந்தது. தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பலவற்றில் உடல் முழுதாக இடப்படுவதில்லை. வேறிடத்தில் கிடத்தி, சதை நீங்கிய பின் பொறுக்கியெடுத்த எலும்புகளைக் கொண்டு வந்து வைத்தார்கள். பலருடைய எலும்புகள் ஒரே அறையில் சேர்ந்து கிடப்பதும் உண்டு. 1947-இல் பிரம்மகிரியில் மார்டிமர் வீலர் கண்டது இத்தகைய எலும்புச் சேகரத்தைத்தான். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் பகுதியில் ஈமமுறைகள் ஐந்து வரிசையாகச் சொல்லப்படுகின்றன. பிணத்தைப் புதைக்காமல் வெளியில் இடுவதும் அவற்றில் ஒன்று. தமிழ் படித்த பள்ளி ஆசிரியர் ஒருவர் அந்தக் குழியோரம் நின்றிருந்தால், 'துரை, இது வெட்டிய தலை அல்ல, எடுத்து வைத்த தலை' என்று சொல்லியிருப்பார். உறவினர் கைகள் பக்தியோடு தொட்டு எடுத்து வைத்த எலும்பு, ஏட்டில் கொலைத் தடயமாகப் பதிவாயிற்று.

இது வெறும் புலமைப் பிழையாக நின்றுவிடுவதில்லை. அதே காலத்தில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கஞ்சம் மலைகளில் கந்தர் பழங்குடியினர் மேரியா என்ற நரபலி செய்கிறார்கள் என்று கும்பினி அரசு படைகளை அனுப்பியது. 1845-இல் அதற்கென்றே தனி நிர்வாக அமைப்பு உண்டாக்கப்பட்டு 1861 வரை இயங்கியது. நரபலி அங்கே அறவே இருந்ததில்லை என்று நாங்கள் வாதிட வரவில்லை. ஆனால் பலியைத் தடுக்கப் போன படைகள் கந்தர் கிராமங்களை எரித்தன. பலியின் வர்ணனைகள் எப்படிப் பெருகின, அந்த மலைகளைக் கைப்பற்ற அவை எப்படிப் பயன்பட்டன என்பதை ஃபெலிக்ஸ் பேடல் 1995-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு மக்கள் கூட்டத்தை 'பிள்ளையைக் கொல்கிறவர்கள்' என்று எழுதிவிட்டால், பிறகு அவர்களுக்கு எதைச் செய்தாலும் அது கருணை ஆகிவிடுகிறது. இப்படி எழுதப்பட்டவர்களின் அண்டைவீட்டார் நாம். வில்ட்ஷயரின் வாயற்ற மக்கள் மீது அதே வரியை நாம் எழுதும்போது, டெய்லரின் நாற்காலியில் போய் உட்கார்கிறோம்.

புனைவுக்கு உரிமை இல்லையா என்று நண்பர் கேட்பார்; கேட்டும்விட்டார். உண்டு. சிறுகதை என்று தலைப்பிட்டு எழுதட்டும். நாங்கள் வாசித்து, உடுக்கையை மட்டும் எடுத்துவிடச் சொல்வோம். கட்டுரை என்று தலைப்பிட்டு, இன்சாலின் படத்தையும் 168 குழிகளையும் முன்னால் நிறுத்தி, அந்த எண்களின் மதிப்பைக் கடன் வாங்கிக்கொண்டு, எண்களுக்குள் இல்லாத கொலையை வாசகனிடம் விற்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம். பலியென்று ஒன்று எங்குமே இல்லை என்பதும் எங்கள் வாதமல்ல. நம் ஊர்களில் நவகண்டச் சிற்பங்கள் இருக்கின்றன. தன் கழுத்தில் தானே வாளை வைத்த வீரனைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் எழுத்துப் பொறிப்பும் உண்டு. அங்கே செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நாம் கேட்டுக்கொண்டால் போதும். வுட்ஹெஞ்சில் செய்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நிரப்புகிற அவசரம் நம்முடையது.

அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் தலைமுறையில், ஆற்றில் பாலம் கட்டும் ஊர்களில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அந்த வதந்தியோடு வளர்ந்தவர்களே. தூண் நிற்க மாட்டேன் என்கிறதாம், தலைப்பிள்ளையைக் கேட்கிறதாம், பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோடு திரிகிறானாம். சாயங்காலம் வெளியே போகாமல் இருக்கச் சொல்லப்பட்ட கதை. பாலத்தின் அடியில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று நாங்களும் நம்பினோம். பேருந்து பாலத்தைக் கடக்கும்போது காலைத் தூக்கி வைத்துக்கொண்டோம். நடப்பட்ட தூண் என்றாலே அதன் அடியில் பிள்ளையைத் தேடும் மனம் அங்கே உருவானது. நண்பரின் கட்டுரை எங்களைத் தொட்டதற்குக் காரணம் அதுதான். வில்ட்ஷயரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அது எங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றியது.

இன்னொரு தூண்டுதலும் உண்டு. அதற்கு நாங்களே ஏறத்தாழ இரையானோம். மாட் கன்னிங்டன் தம் ஒரே மகனை முதல் உலகப்போரில் பறிகொடுத்தவர். பிள்ளையைப் போருக்குப் பலிகொடுத்த தாய், குழியில் கிடந்த பிள்ளையிலும் பலியைக் கண்டாள் என்று எழுதினால் எவ்வளவு அழகாக முடியும்! எங்களில் ஒருவர் அந்த வாக்கியத்தை எழுதியும் விட்டார். பிறகு அடித்தோம். கன்னிங்டனின் மனத்துக்குள் அப்படி நடந்ததற்கு, பூசாரிக்கு இருப்பதைவிட ஒரு துளிகூடக் கூடுதல் ஆதாரம் எங்களிடம் இல்லை.

எழுதத் தக்கவை இல்லாமல் போகவில்லை. கன்னிங்டன் அகழியை முழுவதும் தோண்டவில்லை. சில இடங்களில் மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டு மீதியை அப்படியே விட்டார். அந்த மீதிதான் 1970-இல் ஜான் எவன்ஸும் ஜெஃப்ரி வெயின்ரைட்டும் திரும்பி வந்தபோது உதவியது. கன்னிங்டன் காலத்தில் கரிமக் காலக்கணிப்பு என்ற ஒன்றே கிடையாது. தொடாமல் விட்டிருந்த மண்ணிலிருந்து கொம்பையும் எலும்பையும் எடுத்துக் காலம் கணித்தார்கள். கரைக்கு அடியில் புதைந்திருந்த பழைய தரையின் மண்ணைச் சலித்து, நத்தை ஓடுகளை எண்ணினார்கள். நிழலில் வாழும் நத்தை வேறு, வெயில் படும் புல்லில் வாழும் நத்தை வேறு. கடுகளவு ஓடுகளை வகை பிரித்து எண்ணினால், அங்கே காடு எப்போது அழிந்து புல்வெளி வந்தது என்று சொல்ல முடிகிறது. மண்டை பிளக்கும் கோடரியைவிட இது குறைந்த வியப்பா? எலும்புகளை மட்டும் யாரோ அங்கேயே விட்டிருந்தால், அல்லது ஒரு பல்லையாவது உள்ளூரில் எடுத்து வைத்திருந்தால், குழந்தையின் காலத்தையும் அது எந்த நிலத்தில் வளர்ந்தது என்பதையும் இன்று கேட்க முடிந்திருக்கும். 1926-இல் அதை லண்டனுக்கு அனுப்பியவர்கள் பாதுகாப்பான இடம் என்றுதான் அனுப்பினார்கள்.

தூண்குழிகள் இருந்த இடங்களில் கன்னிங்டன் தம்பதியர் குட்டையான கான்கிரீட் கம்பங்களை நட்டுவைத்தார்கள். நிலத்தையும் தாமே விலை கொடுத்து வாங்கி நாட்டுக்கு அளித்தார்கள். இன்று அங்கே போகிறவர் பார்ப்பது அந்தக் கம்பங்களைத்தான். படங்களில் பார்த்தால், பாதியில் கைவிட்ட அரசாங்கக் கட்டடத்தின் அஸ்திவாரம் போலிருக்கிறது. அழகென்று சொல்ல முடியாது. நடுவில் சிக்கிமுக்கிக் கற்களைச் சேர்த்து ஒரு சிறு குவியல். குழந்தை கிடந்த இடம்.

நண்பர் கட்டுரையைத் திருத்தி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். பூசாரியை எடுத்துவிடுவாராம், உடுக்கையும் போய்விடுமாம். கோடரியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது என்று பதில் அனுப்பியிருக்கிறோம்.